பம்பைத் திரும்பப் பொருத்துதலும் டைமிங் வைத்தலும்

சிலிண்டருக்குள் எரிபொருள் தீப்பற்ற வேண்டிய கணத்தை, அந்தக் கணத்தில் பிஸ்டன் நிற்கும் இடத்தைக் கொண்டு நிர்ணயிப்பதே டைமிங் வைத்தல் எனப்படும். பெட்ரோல் எஞ்சினில் இந்த வேலை டிஸ்ட்ரிபியூட்டருடையது. மின்சாரத்தை உரிய நேரத்தில் உரிய ஸ்பார்க் பிளக்குக்குப் பகிர்ந்து அனுப்பும் கருவி அது. டீசல் எஞ்சினில் தீப்பொறியே இல்லை. அழுத்தப்பட்டுச் சூடேறிய காற்றுக்குள் டீசலைப் பீச்சியதும் அது தானாகப் பற்றிக்கொள்வதால், எந்தக் கணத்தில் பீச்சுவது என்பதைத் தீர்மானிக்கும் எரிபொருள் பம்பே அங்கே டிஸ்ட்ரிபியூட்டரின் இடத்தில் நிற்கிறது. பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள கூனங்குப்பம், அரங்கன்குப்பம், லைட்ஹவுஸ்குப்பம், கோட்டைக்குப்பம் முதலிய ஊர்களின் ஃபைபர் படகுகளில் காணப்படும் எஞ்சின் பெரும்பாலும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினாக இருப்பதால், இந்த அத்தியாயம் பம்பைப் பற்றியே பேசுகிறது.

இந்த எஞ்சின் இக்கரைக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. ஏரியின் பெரும்பகுதி ஆள் நடக்கும் ஆழமே உடையது. கடலுக்குச் செல்லும் முகத்துவாரமோ மணல் சேர்ந்து அடிக்கடி தூர்ந்துபோவது. நீண்ட தண்டின் முனையில் விசிறி சுழலும் லாங் டெயில் வகையைச் சேர்ந்த இந்த எஞ்சினைக் கையால் அழுத்தித் தண்டை உயர்த்திவிடலாம் என்பதால், தரை தட்டும் இடத்திலும் விசிறி உடையாமல் படகைக் கடத்திச் செல்ல முடிகிறது. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் கரையேறும் படகுகளுக்குச் சிறிய டீசல் எஞ்சின்களைச் சோதித்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஃபைபர் படகுகள் பெருகியபோது அத்தகைய எஞ்சின்களும் உடன் பெருகின. இத்தாலியின் லொம்பார்தினி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைக் கொண்டு இந்தியாவில் கிரீவ்ஸ் நிறுவனம் தயாரித்த, காற்றால் குளிரும் எஞ்சின்கள் இவ்வகையில் பெயர்பெற்றவை. கேரளத்திலும் கன்னியாகுமரிக் கரையிலும் மிகுதியாக உள்ள மண்ணெண்ணெய் அவுட்போர்டு மோட்டார்களின் முறை வேறு; அவற்றில் ஃபிளைவீலுக்குள் இருக்கும் காந்தமே தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தருகிறது.

பழைய அம்பாசடர் காரின் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிப் பூட்டியவருக்குப் பம்பு வேலையின் தருக்கம் புதிதாக இராது. அங்கே முதல் சிலிண்டரின் பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சிக்குக் கொண்டுவந்து, ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொண்டு, உடலுக்கும் எஞ்சினுக்கும் சேர்த்து ஒரு கோடு கிழித்த பிறகே டிஸ்ட்ரிபியூட்டரை உருவுவார்கள். பூட்டிய பின் பாயிண்ட் இடைவெளியை ஏறத்தாழ 0.4 மி.மீ. வைத்து, உடலைச் சற்றே திருகி நேரத்தை முன்பின் நகர்த்துவார்கள். இங்கே பேசப்படும் சிறிய எஞ்சினின் பம்பைத் திருக முடியாது. அது இரண்டு மூன்று போல்ட்டுகளால் எஞ்சினின் பக்கச்சுவரில் உட்கார்ந்திருக்கும். உள்ளே சுழலும் கேம் தண்டின் மேடு அடியிலிருந்து அதன் பிளஞ்சரை, அதாவது டீசலைத் தள்ளும் சிறு உருளையை, மேலே தூக்கும். ஆகவே நேரத்தை மாற்றும் வழி ஒன்றே: பம்பு உட்காரும் இடத்தில் ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ பம்பின் உயரத்தை மாற்றுவது. பம்பு உயர்ந்தால் பிளஞ்சர் கூடுதல் தூரம் ஏறிய பிறகே டீசல் நுழையும் துளை மூடும், பீச்சுதல் பிந்தும். பம்பு தாழ்ந்தால் துளை விரைவில் மூடும், பீச்சுதல் முந்தும். தகடு கூடினால் தாமதம், குறைந்தால் முந்தல் என்பதை மனத்தில் பதித்துக்கொண்டால் இந்த அத்தியாயத்தின் பாதி முடிந்தது.

எவ்வளவு நுட்பமான வேலை இது என்பதைக் கணக்கு காட்டும். நிமிடத்திற்கு 3000 சுற்று ஓடும் எஞ்சின் நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 360 டிகிரி என்றால், ஒரு டிகிரிக்கு ஆகும் நேரம் நொடியின் 18,000-இல் ஒரு பங்கு. இவ்வகைச் சிறிய எஞ்சின்கள் பலவற்றில் 0.1 மி.மீ. தகடு ஏறத்தாழ ஒரு டிகிரியை நகர்த்திவிடும். பம்பைக் கழற்றும்போது கீழே விழுந்து மணலில் புதைந்த ஒரு தகட்டுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டி அட்டையை வெட்டிச் செருகும் வழக்கம் ஏன் தவறு என்பது இதிலிருந்து விளங்கும். அட்டை போல்ட்டின் இறுக்கத்தில் நசுங்கி, டீசலில் ஊறி, சில நாளில் வேறொரு கனத்திற்கு வந்து நிற்கும். எஞ்சின் திங்களன்று ஓடியது போல வெள்ளியன்று ஓடாது. தகட்டோடு பசை தடவுவதும் அதே கெடுதியைத்தான் செய்யும்.

கழற்றுவதற்கு முன்

எஞ்சின் இழுக்கவில்லை, புகைக்கிறது என்றதும் பம்பில் கை வைப்பது இக்கரையில் பரவலாகக் காணப்படும் அவசரம். டைமிங் தானாக மாறுவதில்லை. பம்போ கேம் தண்டோ ஃபிளைவீலோ கழற்றப்பட்டிருந்தால், அல்லது தேய்ந்திருந்தால் மட்டுமே மாறும். ஆதலால் முதலில் பார்க்க வேண்டியவை வேறு. டீசலில் நீர் கலந்திருக்கிறதா, வடிகட்டி அடைத்திருக்கிறதா, காற்று வடிகட்டியில் மணல் ஏறியிருக்கிறதா, வால்வு இடைவெளி சரியாக உள்ளதா, டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் நாசில் தூவுகிறதா அல்லது சொட்டுகிறதா என்பதை ஒவ்வொன்றாக நீக்கிய பிறகே பழி பம்பின் மேல் விழ வேண்டும். காற்றால் குளிரும் எஞ்சினில் சிலிண்டரைச் சுற்றியுள்ள இறக்கைகளுக்கிடையே எண்ணெயும் உப்பும் மீன்செதிலும் அடைத்துக்கொண்டால் எஞ்சின் சூடேறித் தளரும். அதைத் தாமதமான டைமிங் என்று எண்ணித் தகட்டை உருவியவர்கள், சூட்டோடு இடியையும் சேர்த்து வாங்கிக்கொள்வார்கள்.

டைமிங் உண்மையிலேயே பிசகியிருந்தால் அடையாளங்கள் இவ்வாறு இருக்கும். பீச்சுதல் முந்தியிருந்தால் சிலிண்டருக்குள் சுத்தியலால் அடிப்பது போன்ற வறண்ட இடிச்சத்தம் கேட்கும். கிளப்பும்போது கயிறோ ஹேண்டிலோ எதிர்ப்பக்கம் உதைத்துக் கையைப் பிடுங்கும். பிந்தியிருந்தால் எஞ்சின் கிளம்பச் சிரமப்படும், குளிர்ந்த நிலையில் வெண்புகை விடும், சுமையில் கரும்புகை கக்கும், புகைக்குழாய் வழக்கத்திற்கு மீறிக் காயும். நீலப் புகைக்கும் டைமிங்குக்கும் தொடர்பில்லை. அது எஞ்சின் ஆயில் எரிவதன் குறி. டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டும் எஞ்சினிலும் இடிச்சத்தம் எழும், ஆனால் அதற்கு மருந்து தகடு அன்று. பிளஞ்சருக்கு மசகாக இருப்பது டீசல் மட்டுமே. பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் இடையிலுள்ள இடைவெளி மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு என்பதால், மசகற்ற மண்ணெண்ணெய் அதை விரைவில் தேய்த்துவிடும். சேமிக்கும் சில ரூபாய்க்கு ஒரு பம்பைக் கொடுப்பது நட்டக் கணக்கு.

இடத்தையும் நாளையும் தேர்ந்துகொள்ள வேண்டும். படகு கரையில் கிடக்கும் நிலையில், காற்றோடு மணல் பறக்கும் இடத்தில் பம்பைத் திறக்கக் கூடாது. எஞ்சினைக் கழியில் கட்டித் தோளில் தூக்கி வந்து, வீட்டுத் திண்ணையிலோ சுவர் மறைப்பிலோ வைத்து, முதலில் நல்ல நீரால் உப்பைக் கழுவி, காயவிட்டு, பம்பைச் சுற்றிலும் டீசலும் பிரஷும் கொண்டு துலக்கிய பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும்போது இந்த ஊர்களில் தொழில் நின்றுவிடுகிறது. அந்த நாளை இந்த வேலைக்கு ஒதுக்குவது நல்ல பழக்கம். அரை நாள் அவசரமின்றிக் கிடைப்பது இவ்வேலைக்குப் பாதி கருவி.

உச்சியைக் கண்டறிதல்

பிஸ்டன் ஏறக்கூடிய மிக உயர்ந்த இடம் உச்சி. மெக்கானிக்குகள் இதை டாப் சென்டர் என்பார்கள். நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன் இரண்டு சுற்றில் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது; ஒன்று அழுத்தத்தின் முடிவில், மற்றொன்று புகையை வெளித்தள்ளும் முடிவில். நமக்கு வேண்டியது முன்னது. வால்வு மூடியைத் திறந்து பார்த்தால், அழுத்த உச்சியில் இரண்டு ராக்கர்களும் இலேசாக ஆடும். மற்ற உச்சியில் ஒரு வால்வு மூடிக்கொண்டிருக்க இன்னொன்று திறக்கத் தொடங்கும். ஃபிளைவீலின் விளிம்பில் உச்சிக்கு ஒரு குறியும், பீச்சத் தொடங்கும் இடத்திற்கு ஒரு குறியும் பொதுவாக அடிக்கப்பட்டிருக்கும்; அவற்றுக்கு எதிரே எஞ்சின் உறையில் ஓர் அம்பு அல்லது கோடு இருக்கும்.

இக்குறிகளைக் கண்மூடி நம்பலாகாது. பழைய எஞ்சின்களில் வேறு எஞ்சினின் ஃபிளைவீல் மாட்டப்பட்டிருப்பது அரிதன்று. ஃபிளைவீலைத் தண்டோடு பூட்டும் சாவி அறுந்து நகர்ந்திருந்தாலும் குறி பொய் சொல்லும். சரிபார்க்கும் முறை எளியது. நாசிலைக் கழற்றி, அதன் துளை பிஸ்டனுக்கு நேர்மேலாகத் திறக்கும் எஞ்சினாக இருந்தால், உள்ளே விழுந்துவிடாத நீளமுள்ள மெல்லிய பித்தளைக் கம்பியைக் கையால் பிடித்தபடி பிஸ்டன் தலையில் நிறுத்த வேண்டும். பிஸ்டன் உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கும்போது கம்பியில் ஒரு கோடும், அம்புக்கு எதிரே ஃபிளைவீலில் ஒரு கோடும் போட்டுவிட்டு, ஃபிளைவீலை ஓடும் திசையிலேயே மெல்ல உருட்டினால், கம்பி ஏறி, உச்சி தாண்டி, மீண்டும் பழைய கோட்டுக்கே இறங்கும். அந்த இடத்தில் ஃபிளைவீலில் இரண்டாவது கோடு போட வேண்டும். இரண்டு கோடுகளுக்கும் நட்டநடுவே இருப்பது உண்மையான உச்சி. துளை சாய்வாக இருந்து கம்பி சிக்கக்கூடிய எஞ்சினில் இதைச் செய்யாமல், அடுத்த முறை ஹெட் கழற்றும்போது பார்த்துக் குறித்துக்கொள்வதே நல்லது.

பீச்சும் குறி அழிந்துபோயிருந்தால் நூல் ஒன்று போதும். ஃபிளைவீலைச் சுற்றி நூலால் அளந்து 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்குரிய நீளம் கிடைக்கும். குறுக்களவு 300 மி.மீ. உள்ள ஃபிளைவீலுக்குச் சுற்றளவு 942 மி.மீ.; ஒரு டிகிரிக்கு 2.6 மி.மீ. சற்றே கூடுதலாக வரும். கையேடு உச்சிக்கு 22 டிகிரி முன்பு என்று சொன்னால், உச்சிக்குறி அம்பை அடைவதற்கு 58 மி.மீ. முன்னதாக அம்பைக் கடக்கும் இடத்தில் கோடு கிழிக்க வேண்டும். இந்த 22 கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண் மட்டுமே. மாடலுக்கு மாடல் இது மாறும், எனவே எஞ்சினின் பெயர்த்தகட்டிலுள்ள மாடல் எண்ணைக் கொண்டு அதற்குரிய கையேட்டில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பொருத்தலும் பார்த்தலும்

பம்பை இறக்கியதும் அடியிலிருக்கும் தகடுகளை எண்ணி, மைக்ரோமீட்டரால் அளந்து, எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பம்பைப் பிரித்துப் பிளஞ்சரைத் துடைப்பது கிராமத்தில் செய்யும் வேலை அன்று. பிளஞ்சரும் உறையும் ஒன்றுக்கொன்று தேய்த்துச் சேர்த்த இணை என்பதால் ஒன்றை மட்டும் மாற்ற இயலாது, தேய்ந்திருந்தால் காசிமேட்டிலோ வேறிடத்திலோ உள்ள பம்பு ஒர்க்ஷாப்பில் கொடுப்பதே வழி. திரும்பப் பூட்டும்போது ஃபிளைவீலை உருட்டி, கேமின் மேடு விலகி அதன் தாழ்ந்த பக்கம் மேலே வருமாறு நிறுத்த வேண்டும். மேடு மேலே இருக்கும்போது பூட்டினால் பிளஞ்சரின் ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ள, போல்ட்டை ஒருபக்கமாக இறுக்கும் கை பம்பின் காதை உடைத்துவிடும்.

இந்த அத்தியாயத்தில் உயிரோடு தொடர்புடைய இடம் அடுத்தது. பம்பின் பக்கத்தில் ரேக் என்னும் சிறு தண்டு அல்லது முள் உண்டு. ஒரு வீச்சுக்கு எவ்வளவு டீசல் என்பதை அதன் நகர்வே தீர்மானிக்கிறது. எஞ்சினுக்குள் இருக்கும் கவர்னர், அதாவது வேகம் மீறாமல் காக்கும் அமைப்பு, கவைபோன்ற ஒரு நெம்புகோலால் இந்த முள்ளைப் பிடித்திருக்கும். பம்பை இறக்கும்போது முள் கவைக்குள் விழாமல் வெளியே நின்றுவிட்டால், கிளம்பிய எஞ்சினைக் கட்டுப்படுத்த உள்ளே எதுவும் இராது. வேகம் ஏறிக்கொண்டே போய் ஃபிளைவீல் சிதறும் அளவுக்குக்கூட வரும். ஆகவே போல்ட்டை இறுக்கும் முன்னும் பின்னும், நிறுத்தும் லீவரையும் வேக லீவரையும் அசைத்து, முள் கூடவே தடையின்றி நகர்கிறதா என்று கண்ணால் பார்க்கவோ விரலால் உணரவோ வேண்டும். முதல் முறை கிளப்பும்போது காற்று நுழையும் வாயை மூடத்தக்க ஒரு பலகைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும். வேகம் மீறினால் காற்றை அடைப்பதே எஞ்சினை நிறுத்தும் விரைவான வழி. உள்ளங்கையால் அடைக்கக் கூடாது.

டைமிங் பார்க்கும் முறைக்குச் சொட்டு நிற்கும் முறை என்று பெயரிடலாம். பம்பின் தலையிலுள்ள உயரழுத்தக் குழாயைக் கழற்றி, டெலிவரி வால்வையும் அதன் ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்துச் சுத்தமான டீசல் உள்ள கிண்ணத்தில் இட்டு, அதன் பிடியை மட்டும் திரும்பப் பூட்டி, பழைய உயரழுத்தக் குழாயில் ஒரு சாண் வெட்டிக் கொக்கிபோல் வளைத்த துண்டை அதில் மாட்ட வேண்டும். டாங்க் பம்பை விட உயரத்தில் இருக்க, லீவர் ஓட்ட நிலையில், ஏறத்தாழ நடுவில் நிற்க வேண்டும். நிறுத்தும் நிலையில் இருந்தால் டீசல் நிற்கவே நிற்காது. டாங்க்கின் குழாயைத் திறந்ததும் வளைந்த துண்டின் வழியாக டீசல் ஒழுகும். அழுத்த வீச்சில் ஃபிளைவீலை ஓடும் திசையில் மெல்ல உருட்டிக்கொண்டு வந்தால், ஒழுக்கு மெலிந்து, சொட்டாகி, ஒரு கணத்தில் நிற்கும். பிளஞ்சர் துளையை மூடிய கணம் அது. பீச்சுதல் அங்கேதான் தொடங்குகிறது. உருட்டுவதை அந்த இடத்திலேயே நிறுத்தி, அம்புக்கு எதிரே பீச்சும் குறி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தாண்டிவிட்டால் அங்கிருந்து பின்னோக்கி உருட்டிச் சரிசெய்யாமல், கால் சுற்றுக்கு மேல் பின்னால் போய் மீண்டும் முன்னோக்கி வர வேண்டும். இல்லையெனில் பற்சக்கரங்களின் தளர்வு அளவைக் கெடுக்கும். உச்சியை நெருங்கியும் ஒழுக்கு நிற்காவிட்டால் எஞ்சின் மற்ற உச்சியில் இருக்கிறது. ஒரு சுற்று உருட்டினால் போதும்.

மேற்சொன்ன ஃபிளைவீலில் சொட்டு நின்ற இடம் உச்சிக்கு 68 மி.மீ. முன்பு என்று வைத்துக்கொண்டால், அது 26 டிகிரி. கையேட்டின் எண்ணை விட 4 டிகிரி முந்தியிருக்கிறது. 0.4 மி.மீ. தகடு சேர்த்துவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும், மூன்று முறை பார்த்து மூன்றும் ஒத்திருந்தால் நிறுத்திக்கொள்ளலாம். கூடுதல் வேகம் கிடைக்கும் என்று வேண்டுமென்றே இரண்டு மூன்று டிகிரி முந்த வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெறுவது வேகத்தின் சத்தம் மட்டுமே, விலையைப் பேரிங்கும் பிஸ்டனும் கொடுக்கும். காதால் கேட்டு டைமிங் சொல்லும் மூத்த மெக்கானிக்கின் திறமை மெய்யானதுதான் என்றாலும், அதன் இடம் சொட்டுக்குப் பிறகு.

முடிந்ததும் டெலிவரி வால்வைத் திரும்ப வைத்து அளவாக இறுக்க வேண்டும். மிகையாக இறுக்கினால் உறை நெளிந்து ரேக் சிக்கிக்கொள்ளும், ஆதலால் இறுக்கியபின் லீவரை மறுபடி அசைத்துப் பார்ப்பது கட்டாயம். உயரழுத்தக் குழாயை வேறு நீளத்தில் மாற்றினால் வைத்த நேரம் பிசகும். பிறகு ஏர் எடுக்க வேண்டும்: வடிகட்டியின் திருகு, பம்பின் திருகு, கடைசியாக நாசில் பக்கத்து நட் என்ற வரிசையில் தளர்த்தி, குமிழி நின்று தூய டீசல் வரும்வரை ஃபிளைவீலை உருட்டி இறுக்கினால் குழாயில் அடைபட்ட காற்று நீங்கும். நாசிலின் தூவலுக்கு எதிரே கையை நீட்டலாகாது. 200 வளிமண்டல அழுத்தத்தை ஒட்டிப் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே ஊசி குத்தியது போலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம் அது.

வைத்த தகட்டின் மொத்தக் கனத்தையும் நாளையும் எஞ்சின் உறையின் உட்பக்கம் பெயின்டால் எழுதிவிட வேண்டும். அடுத்துக் கழற்றும் கை வேறொருவருடையதாக இருக்கலாம். எஞ்சினைப் படகில் ஏற்றிய பின் முதல் ஓட்டம் ஏரிக்குள்ளேயே, துடுப்பும் நங்கூரமும் கயிறும் உடன் இருக்க, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் நடக்கட்டும். சூடான எஞ்சின் ஒருமுறை நிறுத்தப்பட்டு, மறுபடி ஒரே இழுப்பில் கிளம்பிய பிறகே படகின் தலையை முகத்துவாரத்தின் பக்கம் திருப்ப வேண்டும்.